ஃபின்லாந்துக்காரன் புண்ணியத்தில் நமக்குக் கிடைத்த பஃபலோ

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்கப் போர் விமானமான பிரூஸ்டர் பஃபலோவின் 1/72 ஸ்கேல் மாடல், அதாவது நிஜத்தில் 72ல் ஒரு பங்கு, செக் நாட்டுச் சின்னக் கம்பெனி ஒன்று போட்ட, நாமே ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட், மலேசியாவில் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி மணிக்கூண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிற கடையில் 118 வெள்ளி (ரிங்கிட்). ஒட்டி முடித்தால் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 15 சென்டிமீட்டர்கூட வராது. 118 வெள்ளிக்கு இவ்வளவுதானா என்று வீட்டுக்காரி கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. கம்பெனி பெயரை இங்கே போடவில்லை, கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன், அதனால்தான். கடைப் பெயரும் வேண்டாம், இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. பாக்கார் ஆராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் 19 வருடமாக மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கிற அச்சு, மாட்டிக் கழற்றுகிற வேலை. அதனால் கிட் பெட்டியைத் திறந்தால் மற்றவர்களுக்கு விமானம் தெரியும், எனக்கு மோல்டுதான் தெரியும். பிளாஸ்டிக் நுழைகிற வாயான கேட் எங்கே வைத்திருக்கிறான், எந்த மூலையில் பிளாஸ்டிக் போய்ச் சேரவில்லை, எங்கே மோல்டு சரியாக மூடாமல் பிசிறு தள்ளியிருக்கிறது, இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும். இது ஒரு வியாதி, கடைக்காரர் தவுக்கே அப்படித்தான் சொல்கிறார்.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? சாம்பல் நிறத்தில் இரண்டு ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டம்), கண்ணாடிப் பாகத்துக்கு ஒரு குட்டி ஸ்ப்ரூ, விமானத்தில் ஒட்டுகிற அடையாளங்கள் அச்சடித்த டெக்கல் தாள் ஒன்று, நிறம் அடிக்கிற படத்தோடு ஒரு புத்தகம். பேனல் கோடுகள் நன்றாகவே இருக்கின்றன, மெல்லிசாக, ஆழமாக. அந்தத் தொந்தி உடம்பின் வடிவத்தையும் சரியாகப் பிடித்திருக்கிறான், பஃபலோ என்றாலே அந்தத் தொந்திதானே. ஆனால் உடம்பின் இரண்டு பாதியையும் சேர்க்கிற இடத்தில் பொருத்திப் பிடிக்கிற ஊசி ஒன்றுகூடக் கிடையாது, நீங்களே கண்ணால் பார்த்து வைத்து ஒட்ட வேண்டும். பாகத்தை ஸ்ப்ரூவோடு பிடித்திருக்கிற கேட் எல்லாம் தீக்குச்சி தடிமன், வெட்டும்போது பாகத்தையும் சேர்த்துப் பிய்க்கிறது. இறக்கையின் பின்விளிம்பு தோசைக்கரண்டி மாதிரி தடிப்பு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டு ராத்திரி போனது. இறக்கையும் உடம்பும் சேருகிற இடத்தில் விழுந்த சந்தில் நான் அடைத்த புட்டிப் பசையை எடை போட்டால் விமானத்தில் பாதி இருக்கும். என் பெட்டியில் கண்ணாடிக் கூண்டு விரிசல் விட்டு வந்திருந்தது, அது வேறு.

இதைப் படித்துவிட்டு மட்டமான கிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் கம்பெனிகள் எந்த விமானத்தைச் செய்வது, எதை விடுவது என்று எப்படி முடிவு எடுக்கிறார்கள் என்பதற்கும் அதேதான் காரணம். காரணம் மோல்டு.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பிரிண்டர் மூடிக்கு எஃகு மோல்டு செய்யக் கொடுத்தால் லட்சம் வெள்ளி சாதாரணமாகப் போய்விடும். அதிலிருந்து 5 லட்சம் மூடி எடுத்தால் ஒரு மூடியின் தலையில் விழுகிற மோல்டு செலவு 20 சென். அதே லட்சத்தைப் பஃபலோவில் கொட்டி, 5,000 பெட்டிதான் விற்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெட்டிக்கு மோல்டுக்கு மட்டுமே 20 வெள்ளி. அதற்கு மேல் பிளாஸ்டிக், டெக்கல், அட்டைப் பெட்டிக்குப் படம் வரைகிறவர், ஆராய்ச்சி பண்ணுகிறவர், கப்பல், மொத்த வியாபாரி, கடைசியில் நம் தவுக்கே. எப்படிக் கட்டுப்படியாகும்? அதனால் சின்னக் கம்பெனிகள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று, மோல்டை மலிவாகச் செய்வது. எஃகுக்குப் பதில் மிருதுவான உலோகமோ எபாக்சியோ, குறைந்த அழுத்தம், பக்கவாட்டில் நகரும் பாகமெல்லாம் கிடையாது. அப்படிச் செய்த மோல்டிலிருந்து சில ஆயிரம் எடுக்கலாம், அதற்கு மேல் தேய்ந்துவிடும். ஊசி இல்லாததும், கேட் தடிப்பும், பின்விளிம்பு தோசைக்கரண்டியாக இருப்பதும் அந்த வழியில் வந்தவைதான். தெரியாமல் செய்ததில்லை, கையில் இருந்த காசுக்குச் செய்தது.

இரண்டாவது வழிதான் சுவாரஸ்யம். ஒரு மோல்டைப் பல பெட்டியில் போட்டு விற்பது.

பஃபலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் பிடிக்காத விமானம், தோற்ற விமானம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டோம். மொத்தம் 500 சொச்சம்தான் செய்தார்கள். ஸ்பிட்ஃபயர் 20,000க்கு மேல், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த 500 எங்கெங்கே போயின என்று பாருங்கள். அமெரிக்கக் கடற்படைக்குப் போனது, 1942 ஜூனில் மிட்வேயில் மரீன் படை அதை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டது. டச்சுக்காரர்கள் அன்றைய கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, இன்றைய இந்தோனேசியாவுக்கு, வாங்கினார்கள். பெல்ஜியம் ஆர்டர் கொடுத்துவிட்டு, வந்து சேருவதற்குள் நாட்டையே பறிகொடுத்தது. பிரிட்டிஷ்காரர்கள் 170 வாங்கி, ஐரோப்பாவுக்கு லாயக்கில்லை, ஆசியாவுக்குப் போதும் என்று நம் பக்கம் அனுப்பினார்கள். ஃபின்லாந்து 44 வாங்கியது. ஒரே ஸ்ப்ரூவில் இறக்கையையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு, உடம்பு, மூக்கு, புரொபெல்லர் இருக்கிற ஸ்ப்ரூவை மட்டும் மாற்றிப் போட்டால், நாலைந்து நாட்டுக்கு நாலைந்து பெட்டி. கம்பெனி கண்ணில் இது ஒரு விமானமே இல்லை, ஒரு குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கிற பிள்ளை ஃபின்லாந்துதான். நம் ஊரில் கவிழ்ந்த அதே விமானத்தில் அவர்கள் சோவியத் விமானங்களை வரிசையாக வீழ்த்தினார்கள். ஹன்ஸ் விண்ட் என்ற ஒரே விமானி பஃபலோவில் மட்டும் 39. நமக்கு வந்தவை கனமாகிப்போனவை, நம் வெயிலில் என்ஜின் சூடேறும், எண்ணெய் கசிந்து முன்கண்ணாடியில் அடிக்கும். அங்கே போனவை எடை குறைந்தவை, குளிர் நாடு, ஓட்டியவர்களுக்கும் நல்ல பயிற்சி. அதனால் ஃபின்லாந்தில் பஃபலோ என்றால் பெருமை. அங்கே மாடல் ஒட்டுகிறவன் ஒன்றுக்கு மூன்று வாங்குவான், ஐரோப்பாவில் மற்றவர்களும் ஃபின்லாந்து அடையாளத்துக்காகவே வாங்குவார்கள். மோல்டு போட்ட காசு அங்கேயே திரும்பிவிடுகிறது. அப்புறம் மலாயா, சிங்கப்பூர் அடையாளத்தோடு இன்னொரு பெட்டி போடுவதற்குக் கூடுதல் செலவு ஒரு சின்ன ஸ்ப்ரூ, ஒரு டெக்கல் தாள், ஒரு அட்டைப்படம், அவ்வளவுதான். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்தது என்பார்களே, அந்தப் புல் நாம்தான். எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. மலேசியாவில் மட்டும் விற்கும் என்று நம்பி எவனும் மோல்டு போட மாட்டான், நானாக இருந்தாலும் போட மாட்டேன்.

நம் தெபுவானை நினைத்துப் பாருங்கள். கனடாக்காரர்கள் செய்த சிஎல்-41 பயிற்சி விமானத்தில், ஆயுதம் மாட்டுகிற மாதிரி மாற்றிய ஜி வகையை உலகத்திலேயே வாங்கிய ஒரே நாடு மலேசியா. 1967ல் தொடங்கி 20 விமானம். தெபுவான் என்றால் குளவி. அந்த 20 குளவிக்கு என்று யாராவது தனியாக மோல்டு வெட்டுவானா? ஆனால் அதே விமானம் கனடாவில் டியூட்டர், 190 வாங்கினார்கள், ஸ்னோபேர்ட்ஸ் சாகசக் குழு பறப்பதும் அதில்தான். அந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டிக்குக் கனடாவில் கூட்டம் இருக்கிறது. யாராவது டியூட்டர் கிட் போட்டால், இறக்கைக்கடியில் மாட்டுகிற சாமான் நாலும் ஒரு டெக்கலும் சேர்த்தால் நம் தெபுவான் பிறந்துவிடும். ஆக நமக்குப் பிடித்த விமானம் கிட்டாக வருமா என்று தெரிய வேண்டுமென்றால் நம் ஊரைப் பார்த்துப் பயனில்லை, அதே விமானத்தை வேறு எந்தப் பணக்கார நாடு வைத்திருந்தது என்று பார்க்க வேண்டும். இது நானாகப் போட்ட கணக்கு, ஆனால் கடை அலமாரியைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகத்தான் வருகிறது.

மோல்டு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, அளக்க விமானம் வேண்டுமே. 1998ல் ரஷ்யப் பக்கம் ஒரு ஏரியடியிலிருந்து ஃபின்லாந்தின் பிடபிள்யூ-372 என்ற பஃபலோவைத் தூக்கினார்கள். 50 வருடத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தும் உருக்குலையவில்லை. முதலில் அமெரிக்காவில் பென்சகோலா அருங்காட்சியகத்தில் இருந்தது, இப்போது ஃபின்லாந்தில் இருக்கிறது. ஃபின்லாந்து வாங்கிய வகையில் மிஞ்சியது அது ஒன்றுதான். இந்த மாதிரி நிஜ விமானம் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால், பழைய புத்தகத்தில் எவனோ தப்பாக வரைந்த கோட்டை நம்ப வேண்டியதில்லை. இன்னொன்று, பிரூஸ்டர் கம்பெனி 1946லேயே கடையை மூடிவிட்டது. இன்றைக்குப் பறக்கிற விமானத்துக்குக் கிட் போட்டால் அதைச் செய்த நிறுவனம் உரிமத்துக்குப் பணம் கேட்கலாம். செத்துப்போன கம்பெனி எழுந்து வந்து கேட்காது.

எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்றும் இல்லை. நியூசிலாந்தில் விங்நட் விங்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது, சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனுடையது. 2009ல் முதல் கிட்டுகள் வந்தன, முழுக்க முழுக்க முதல் உலகப்போர் விமானங்கள்தான், எல்லாம் 1/32. முதலாளிக்குப் பிடித்ததைச் செய்தார்கள், பெட்டியைத் திறந்தால் கோயில் பிரசாதம் மாதிரி தொட்டுக் கும்பிடத் தோன்றும். 2020ல் மூடிவிட்டார்கள். அந்தத் தரத்தை வைத்து என் செக் பஃபலோவை அளந்தால் அது நியாயமில்லை, நானும் அளக்கவில்லை. பெரிய கம்பெனிகள் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். அவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் மாமாக் கடை ரொட்டி சானாய் மாதிரி, என்றைக்குப் போட்டாலும் ஓடும். ஜப்பானின் தமியா கம்பெனி 1974லேயே 1/48ல் பஃபலோ போட்டது, அது வேறு ஸ்கேல், அரை நூற்றாண்டுப் பழைய மோல்டு. பெரியவன் விட்டுவைத்த சந்தில்தான் சின்னவன் கடை போட முடியும். அந்தச் சந்தில் பெரியவன் திடீரென்று நுழைந்துவிட்டால் சின்னவனின் மோல்டு கடனோடு அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இது கடைக்கும் சேர்த்து எழுதுகிற விமர்சனம்தானே. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் ஜாக்கிரதை. உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு எட்டிய வரை குண்டாம், அதாவது ஜப்பான் ரோபோ மாடல்கள். விமானம் கடைசி மூலையில் ஒரே அலமாரி. முன்பெல்லாம் எனக்கு இது எரிச்சலாக இருக்கும். ஒருநாள் தவுக்கே கல்லாவைத் தட்டிக் காட்டி, பாஸ், வாடகை கட்டுவது இந்த ரோபோக்கள்தான், உன் விமானம் இல்லை என்றார். அவர் எந்தக் கிட்டை வரவழைக்கிறார் என்பதிலும் அதே செக் கம்பெனிக் கணக்குதான் ஓடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு கிட்டின் படத்தைப் போடுவார். மூன்று பேர் பெயர் கொடுத்து ஆளுக்கு 30 வெள்ளி முன்பணம் கட்டினால்தான் ஆர்டர். சுகோய்-30, மிக்-29 மாதிரி நம் வானத்தில் பார்த்தவை என்றால் ஒரு மணி நேரத்தில் மூன்று பெயர் விழும். பஃபலோவுக்கு மூன்று பேர் சேர ஏழு வாரம் ஆனது, அதிலும் மூன்றாவது பெயர் என் மச்சான், என் காசில்.

இணையத்தில் இதே கிட் 90 வெள்ளிச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் தபால் செலவு இருக்கிறது, 2024லிருந்து வெளிநாட்டிலிருந்து வருகிற மலிவுச் சாமானுக்கு 10 விழுக்காடு வரியும் இருக்கிறது, கூட்டினால் பெரிய வித்தியாசம் வராது. தவுக்கேயிடம் வாங்கினால் நசுங்காத பெட்டி, விரிசல் கண்ணாடிக்குச் சண்டை போட ஒரு முகம். அவர் ஏதோ மெயில் அனுப்பினார், ஐந்து வாரத்தில் புதுக் கண்ணாடி வந்தது, இலவசம்தான். ஐந்து வாரமும் விமானம் மொட்டைத் தலையோடு அலமாரியில் நின்றது. பெயின்ட் மட்டும் அங்கே வாங்காதீர்கள், பாதிப் பாட்டில் உறைந்து கிடக்கிறது.

என் பெரிய குறை டெக்கல் தாளில் இருக்கிறது. நாலு அடையாளம் கொடுத்திருக்கிறான், எல்லாம் சிங்கப்பூரில் இருந்த படைகள். காலாங்கில் இருந்த 243ம் படையின் அடையாள எழுத்து டபிள்யூபி, நியூசிலாந்துக்காரர்களின் 488ம் படையின் என்எஃப், இப்படி. ஆனால் 1941 டிசம்பர் 8 காலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் நின்றது ஆஸ்திரேலியாவின் 21ம் படை, அதுவும் பஃபலோதான். கூடவே பிரிட்டிஷ் 27ம் படையின் பிளென்ஹெய்ம் விமானங்கள். தாத்தா அப்போது பீடோங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். இடி என்று நினைத்துப் பால் வாளியை மூடி வைத்தாராம், மழை வரவில்லை, புகைதான் வந்தது. இதை அவர் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மழை வராத கோபம்தான் அவருக்குக் கடைசி வரை இருந்தது, குண்டைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அந்தத் தளம் இருந்த பக்கம் இன்றைக்கு ராணுவ முகாம், ஆனால் அது இன்னும் லாப்பாங்கான் தெர்பாங், மலாயில் விமானத் தளம், என்ற பெயரில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் விமானத்தை ஏன் விட்டீர்கள் என்று கம்பெனிக்கே எழுதினேன். நாலு நாளில் பதில் வந்தது, அந்த விஷயத்தில் நல்ல மனிதர்கள். அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பது படத்தை வைத்துத்தானாம். வால் எண்ணும் எழுத்தும் தெளிவாகத் தெரிகிற படம், முடிந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும். இல்லாமல் போட்டால் தெரிந்தவர்கள் கிழித்துவிடுவார்கள், டெக்கல் அச்சடித்த காசு வீண். சுங்கை பட்டாணியில் எடுத்த படம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், அடுத்த தடவை பெட்டி போடும்போது பார்க்கிறோம் என்று முடித்திருந்தார்கள். லயத்து வீட்டில் எவனிடம் கேமரா இருந்தது? தாத்தாவுக்கே அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது.

அதனால் என்னுடையதில் எழுத்து எதுவும் ஒட்டவில்லை. பிரிட்டிஷ் வட்டம் மட்டும், மேல்பக்கம் பழுப்பும் பச்சையும். இடது இறக்கைச் சந்து இன்னும் கொஞ்சம் தெரிகிறது, வெளிச்சம் படாத பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். பக்கத்தில் போன வருடம் ஒட்டிய ஹார்வர்ட் பயிற்சி விமானம் நிற்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, நம்ம ஹார்வர்ட் தோட்டத்தில் விமானம்கூடச் செய்தார்களா என்று மாமியார் கேட்டார். பீடோங்காரர்களுக்குத்தான் இந்தச் சிரிப்பு புரியும், அங்கே ஹார்வர்ட் என்றே ஒரு தோட்டம் இருக்கிறது.

வாங்கலாமா? முதல் கிட் என்றால் வேண்டாம், வெறுத்துப் போவீர்கள். ஐந்தாறு ஒட்டியிருந்தால், புட்டிக்கு அஞ்சாதவராக இருந்தால், வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை. டெக்கல் அச்சு சுத்தமாக இருந்ததால்தான் அந்த அரை.

அடுத்து தவுக்கே குழுவில் பிளென்ஹெய்ம் மார்க் 1 படத்தைப் போட்டிருக்கிறார். 1941 டிசம்பர் 9ம் தேதி பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்தின் சிங்கோராவுக்கு (இன்றைய சொங்க்லா) தனியாகப் போய் குண்டு போட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு அலோர் ஸ்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு இறந்துபோன ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய வகை. 1946ல் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இதுவரை என் பெயர், கூலிமில் ஒரு வாத்தியார் பெயர். இந்த முறை மச்சான் முடியாது என்றுவிட்டான். இன்னும் ஒரு பெயர் வேண்டும், 30 வெள்ளி முன்பணம், மாசக் கடைசிக்குள்.